நாற்பத்தொரு காப்பி

கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு பம்பு கம்பெனி. அதன் ஆவணப் பிரிவில் மூன்று பேர்: தலைவர் துரைக்கண்ணு, அவருக்குக் கீழே அய்யாவு, செண்பகவடிவு. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள் என்று மூவருக்கும் நல்ல பெயர்.

கம்பெனியின் சாஃப்ட்வேர் பழைய ஃபைல்களைச் சுமந்து திணறிப்போயிருந்தது. பட்டனை அழுத்திவிட்டு ஒரு பன்னைத் தின்று முடித்தால்தான் அடுத்த பக்கம் வரும். சாஃப்ட்வேர்க்காரர் சென்னையிலிருந்து போனில் சொன்னார்:

"பழைய ஃபைலையெல்லாம் பின்பக்க ஸ்டோரேஜுக்கு மாத்துங்க. நல்லா அமுக்கி வைங்க, இடம் மிச்சமாகும். எல்லாத்துக்கும் ஒரு காப்பி வைங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல இருக்கறதை அழிச்சிருங்க. வெள்ளிக்கிழமை தரச்சான்று அதிகாரி வர்றார். பழைய சோதனை ரிப்போர்ட் இல்லைன்னா ஒரு பம்புகூட கேட்டைத் தாண்டாது."

அன்றைக்கே மூவரும் வேலையில் இறங்கினார்கள். இரண்டு நாள் விடாமல் பிரிண்ட் எடுத்தார்கள். நாற்பத்தொரு கட்டு. கேன்டீனுக்குப் பின்பக்கம் இருந்த தகரக் கொட்டகையில் கொண்டுபோய் அடுக்கினார்கள்.

"அமுக்கறது யாருங்க?" என்றாள் செண்பகவடிவு.

"அய்யாவுதான். தொண்ணூத்தாறு கிலோ."

கட்டுக்குப் பத்து நிமிஷம் வீதம் அய்யாவு உட்கார்ந்து எழுந்தார்.

காப்பி விஷயத்தில்தான் விவாதம் நீண்டது.

"சர்க்கரை போடறதுங்களா?" என்றார் அய்யாவு.

"போட்டா எறும்பு வருமுங்க. ரிப்போர்ட்டைத் தின்னுபோடும்."

துரைக்கண்ணு வெகுநேரம் யோசித்தார். "வேண்டாம். பத்திரமா இருக்கணும்னா சர்க்கரை இல்லாத காப்பிதான்."

கட்டுக்கு ஒரு டம்ளர். மேலே மூடி, மூடியில் வருஷம். பிறகு கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தார்கள். அந்த ஒரு வேலையை மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். "2014 சோதனை ரிப்போர்ட் எடுங்க."

"அசல் அடியில மாட்டிக்கிச்சுங்க. தேடணும்."

"அசல் எதுக்கு? ஒரு காப்பி குடுத்தா போதும்."

துரைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாஃப்ட்வேர்க்காரர் எவ்வளவு தூரம் யோசித்துச் சொல்லியிருக்கிறார்! ஓடிப்போய் 2014 டம்ளரைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

மிதந்த பாலாடையைப் பார்த்ததும் அதிகாரி முகம் சுளித்தார். "இந்த உபசாரமெல்லாம் வேண்டாம். நான் இன்னொரு கம்பெனிக்குப் போகணும். திங்கட்கிழமைக்குள்ள சாஃப்ட் காப்பியா என் ஆபீசுக்கு அனுப்பிடுங்க."

அவர் போனதும் மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"நம்ம காப்பி மூணு நாள்ல கடுத்துப்போச்சுங்க. அதான் பிடிக்கலை," என்றார் அய்யாவு.

"சாஃப்ட்டுன்னா டிகாஷன் கம்மியா, பால் தூக்கலா இருக்கணுமுங்க," என்றாள் செண்பகவடிவு.

திங்கட்கிழமை காலையில் கலந்து, ஃபிளாஸ்கில் ஊற்றி, '2014' என்று சீட்டு ஒட்டி, கூரியர்காரரிடம் கொடுத்தார்கள். துரைக்கண்ணு போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக்கூடப் போகவில்லை.

மத்தியானம் மணி அடித்தது. அதிகாரியின் ஆபீசிலிருந்து ஒரு பெண். "நீங்க அனுப்பினது வந்துச்சு சார். ஆனா ஓபன் ஆக மாட்டேங்குது."

துரைக்கண்ணுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இடப்பக்கமாத் திருகுங்கம்மா," என்றார். "ஆறறதுக்குள்ள சாரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."