மூன்று மணிக் குழாய்

குருவைவிடச் சீடருக்குப் பதினேழு வயது அதிகம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சீடர் சீனிராஜ் அரசு அலுவலகம் ஒன்றில் மேலாளர். கடவுளைத் தவிர, காகிதத்தில் ஏறாத எதையும் அவர் நம்பமாட்டார்.

மே மாதத்தில் ஒருநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். எல்லோரும் அம்மா என்று அழைக்கும் குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் கொடுத்த இரண்டு செம்புத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் சீனிராஜுக்குப் பேச்சு வந்தது.

"அம்மா, ஒரு சந்தேகம். முடியும், முடியாது, ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருக்குமா?"

"யாரு அந்த ஆளு?"

"எங்க ஆபீஸ்ல சுபாஷினின்னு ஒரு பொண்ணு. பட்டா ஃபைல் எல்லாம் அவ பொறுப்பு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு ஒரு நரம்பு வியாதி வந்திருக்கு. காலையில நாலு ஆள் வேலை பாக்குறா. மத்தியானம் வெயில் ஏறுனா பேனா பிடிக்க முடியல."

"கவர்மென்ட் என்ன சொல்லுது?"

"வேலையை விட்டு அனுப்பாதீங்க, உதவி தர்றோம்னுதான் சொல்லுது. நேரத்தை மாத்திக்கலாம். பாதி வேலைய வீட்லருந்து பாக்கலாம். ஏசி, தனி நாற்காலி, எடுபிடிக்கு ஒரு ஆள். ஆனா வேலை செய்ய இயலும்னு நான் எழுதிக் குடுத்தாத்தான் அதெல்லாம். இயலாதுன்னு எழுதுனா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாளைக்குக் கடைசி நாள்."

"நீங்க அந்தப் பொண்ணச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"நேத்து கூப்பிட்டேன். மூணாவது மாடி, லிஃப்ட் ஓடல. மூணு மணி. ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். நாலு வரியில பேனா கீழ விழுந்திருச்சு. அவ அழல. காலையில கூப்பிட்டிருக்கலாமே சார்னு மட்டும் கேட்டா. அதுதான் மனசுல கிடந்து உறுத்துது."

குரு கீரையை முறத்தில் வைத்தார்.

"வாசல்ல பஞ்சாயத்துக் குழாய் இருக்கு. ஒரு குடம் பிடிச்சிட்டு வாங்களேன்."

சீனிராஜ் போய்த் திருகினார். காற்று மட்டும் வந்தது.

"வரலம்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"முழுசாத் திறந்தே பாத்துட்டேன்."

"அப்ப பக்கத்துப் பலகையில எழுதிப் போட்டிருங்க. வர்றவங்க ஏமாறக் கூடாதுல்ல."

எழுதுவதென்றால் சீனிராஜுக்குக் கசக்குமா? "இக்குழாயில் தண்ணீர் வராது" என்று சாக்பீஸால் அழகாக எழுதினார். பழக்க தோஷத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

அன்று அங்கேயே தங்கினார்.

காலை ஆறு மணிக்கு வாசலில் ஒரே சத்தம். வெளியே வந்து பார்த்தால் பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் குடங்கள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இத எழுதுன மகராசன் யாருடி?" என்றாள் ரமீஜா. எதிர்வீட்டுக்காரி.

"கையெழுத்து வேற போட்டிருக்கு," என்றாள் இன்னொருத்தி.

"நான்தாம்மா," என்றார் சீனிராஜ். "நேத்து மூணு மணிக்குத் திறந்து பாத்தேன். வரல."

ரமீஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மூணு மணிக்கு யாராச்சும் குழாயத் திறப்பாங்களா சார்? காலையில வந்திருக்கலாம்ல?"

சீனிராஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதே கேள்வியை நேற்றுமுன்தினம் ஒருத்தி கேட்டிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பையிலிருந்த படிவத்தை எடுத்துக்கொண்டு குருவைத் தேடிப் போனார். பெண்கள் குடங்களோடு கலைந்திருந்தார்கள். குரு குழாயில் ஹோஸ் மாட்டி, ஆசிரமத்தின் கறுப்புத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சதும்மா. சோதிச்ச நேரம் தப்பு."

"ம்."

"ஆனா ஆபீஸ் சாயங்காலம் வரைக்கும் இருக்கே. மூணு மணிக்கும் ஜனங்க வருவாங்க. அப்ப அவளால முடியாதுங்கிறதும் நெசந்தானே?"

"நெசந்தான்."

"பின்ன எப்படி இயலும்னு எழுதுறது?"

குரு தொட்டியை எட்டிப் பார்த்தார். நிறைவதற்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.

"நேத்து மூணு மணிக்கு வந்ததும் ரெண்டு செம்பு குடிச்சீங்களே. அது எந்தக் குழாய்த் தண்ணி?"

சீனிராஜும் தொட்டியை எட்டிப் பார்த்தார். படிவத்தில் "இயலும்" என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு பலகையில் எழுதியிருந்ததையும் கையெழுத்தையும் அழிக்கப் போனார்.