கொல்லா விரதமும் கடைவாய்ப் பல்லும்

மலையடிவாரத்து மடத்தில் நாகலிங்கத்தின் கன்னம் பூரி மாதிரி உப்பியிருந்தது. கடைவாய்ப் பல்லில் சீழ். வாயைத் திறந்தால் வலி, மூடினால் அதைவிட வலி. "மாத்திரை போடாம விட்டா விஷம் ரத்தத்துல கலந்து உயிருக்கே ஆபத்தாயிடும்" என்று பல் டாக்டர் மிரட்டியே அனுப்பியிருந்தார். மாத்திரை அட்டையோ பிரிக்காமல் தலையணைக்கு அடியில் கிடந்தது.

எந்த உயிரையும் கொல்வதில்லை என்பது மடத்து விரதம். வாளியில் எறும்பு இருந்தால் அது இறங்கிப் போகிறவரை குளிக்கக் காத்திருப்பார்கள். போன மாதம் மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டரம்மா, நுண்ணோக்கியில் ஒரு சொட்டு மோரைக் காட்டினார். எல்லாரும் "அடேயப்பா" என்றுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, அறுபது வயதில் சீடரான நாகலிங்கத்தால் மட்டும் போக முடியவில்லை. அந்தச் சொட்டுக்குள் ஒரு ஊரே இருந்தது.

அன்றே தயிரை விட்டார். மறுநாள் பல் தேய்ப்பதை விட்டார். அடுத்து சோப்பு. பஜனையில் அவருக்குப் பக்கத்துப் பாய்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போயின. ஞானம் முற்றினால் உலகம் விலகத்தானே செய்யும் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மடத்தின் குரு சொர்ணத்தம்மாள் அவரைவிட வயதில் இளையவர். விஷயம் காதுக்கு எட்டியதும் நேரே வந்து எதிரில் உட்கார்ந்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளாத ஒரே ஆள் அவர்தான்.

"மாத்திரை போடலியாமே?"

"அதைப் போட்டா கோடி உயிர் சாகும்மா."

"சரி, போடாதீங்க."

நாகலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எனக்கு இது இத்தனை நாள் தோணலை பாருங்க. இன்னையிலருந்து மடத்துல எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லணும்."

முதல் ஆளாகச் சமையல்காரர் பரமு வந்து நின்றார்.

"பால் காய்ச்சலாங்களா ஐயா?"

"காய்ச்சினா உள்ள இருக்கிறது செத்துடுமே. வேணாம்."

"காய்ச்சாட்டி கெட்டுப் போயிடுங்களே?"

"கெடட்டும். அவங்களும் சாப்பிடணும்ல."

"இட்லி மாவு நல்லாப் பொங்கியிருக்கு. ஊத்தலாங்களா?"

"பொங்கியிருக்குன்னா அத்தனையும் உயிரு. அதைப் போய் ஆவியில வெச்சு..." நாகலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேணாம் பரமு."

"கக்கூஸ் கழுவலாங்களா?" என்று பரமுவுக்குப் பின்னால் நின்றவர் கேட்டார்.

மத்தியானத்துக்குள் மடமே வெறும் வயிற்றோடு அவரைச் சுற்றி உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தது. பசித்தவர்களின் பார்வை அவருக்குப் பயமாக இருந்தது. போதாததற்குப் பல்லும் விண் விண்ணென்று தெறித்தது. அழுகை முட்டிக்கொண்டு வர, எழுந்து சொர்ணத்தம்மாளைத் தேடி ஓடினார்.

அம்மா தொழுவத்தில் பசுவுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னால முடியலம்மா. எதைத் தொட்டாலும் கொலையா இருக்கு."

"இந்த வைக்கோலை யாரு செரிக்கிறா, சொல்லுங்க."

"பசுதான்."

பசு நீளமாக ஓர் ஏப்பம் விட்டது.

"பசு மென்னு முழுங்குது, அவ்வளவுதான். செரிக்கிறது அது வயித்துல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கூட்டம். இந்த ஏப்பம்கூட அவங்க வேலைதான்னு டாக்டரம்மா போன வாரம் மறுபடி வந்தப்ப சொன்னாங்க. நீங்கதான் பாதியில எழுந்து சோப்பை ஒளிச்சு வைக்கப் போயிட்டீங்க."

நாகலிங்கம் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "எனக்குள்ளயும் இருக்காங்களா?"

"இல்லாமலா? உங்க சோத்தை நம்பித்தான் இருக்காங்க. அவங்களை நம்பித்தான் நீங்க இருக்கீங்க."

"அப்ப மாத்திரை போட்டா அவங்களும் சாவாங்களே!"

"கொஞ்சம் பேரு போவாங்க. மிச்சம் இருக்கிறவங்க மறுபடி பெருகுவாங்க. மோரோட சேந்து புதுசா நாலு பேரு வருவாங்க. நீங்களே போயிட்டா அவங்க எங்க போறது?"

அம்மா ஒரு தம்ளர் மோரை அவர் கையில் வைத்தார். நாகலிங்கம் கடைசியாக ஒரு தடவை விரதத்தை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இருந்தாலும் அத்தனை உயிரைக் கொன்னு நான் பிழைக்கணுமா? நான் ஒருத்தன்தானேம்மா. போனாப் போறேன்."

"ஒருத்தனா?" என்றார் அம்மா. "எண்ணிப் பாத்துட்டா சொல்றீங்க?"