மூத்தவருக்கு முதல் பொத்தான்

கோணக்குளத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று உண்டு என்பதை ஊரார் மறுப்பதில்லை. அது மூவரில் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

மூத்தவர் பிச்சாண்டி, நாலே முக்கால் அடி. நடுவில் உள்ளவர் உலகநாதன், ஐந்தரை அடி. இளையவன் நம்பிராஜன், ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். கடவுள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார் என்றாலும், அந்தத் தவறை அவர்கள் வீட்டுக்குள் திருத்தி வைத்திருந்தார்கள். எதிலும் மூத்தவருக்கே உயரம், மூத்தவருக்கே அகலம், மூத்தவருக்கே முதலிடம். சட்டை மாட்டும் ஆணி பிச்சாண்டிக்கு ஏழடி உயரத்தில் இருந்தது. அவர் முக்காலி போட்டு ஏறிச் சட்டையை எடுப்பார். நம்பிராஜனின் ஆணி முழங்காலுக்குப் பக்கத்தில். முகம் பார்க்கும் கண்ணாடியும் அதே கணக்குத்தான். பிச்சாண்டி இருபது வருஷமாகக் கண்ணாடியில் விட்டத்தைப் பார்த்துத் தலை சீவிவருகிறார். நம்பிராஜன் இரண்டாக மடிந்து சவரம் செய்வான்.

முப்பத்தைந்து வயதில் நம்பிராஜனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஏன் என்று மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். ஆணியை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

நம்பிராஜனுக்கு வீட்டில் இருந்தபடியே வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டிச் சென்னைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஒரு சொல் விடமாட்டான். டாக்டர் நடுவில் இருமினால் ‘இருமல்’ என்று தட்டுவான். அந்த டாக்டரிடம் கால் முறிந்து போனவர்களுக்கெல்லாம் இருமல் மருந்தும் சேர்ந்து கிடைத்தது.

முதுகைப் பார்த்த பிசியோதெரபி டாக்டர் சொன்னார்: “குனிஞ்சு வேலை செய்யக் கூடாது. அரை மணி நேரம் உக்காருங்க, அரை மணி நேரம் நில்லுங்க. மேசை எப்பவும் முழங்கை உயரத்துக்கு இருக்கணும்.”

மூவரும் பஸ் ஏறி ஊர் திரும்பினார்கள். உட்கார்ந்து அரை மணி ஆனதும் மூவரும் எழுந்து நின்றார்கள். அந்த இடங்களில் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த அரை மணி ஆனதும் மூவரும் உட்கார்ந்தார்கள், அந்த ஆட்களின் மடியில். கண்டக்டர் அவர்களைக் கோணக்குளத்துக்கு இரண்டு மைல் முன்னாலேயே இறக்கிவிட்டார்.

இதற்குள் கம்பெனியிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. வீட்டில் தகுந்த மேசை போட்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேலதிகாரி அம்மாவுக்கு வீடியோவில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நம்பிராஜன் சென்னைக்கு வந்து, அங்கே இருக்கும் மேசையில்தான் வேலை பார்க்க வேண்டும்.

இதைப் படித்ததும் பிச்சாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மூவரும் ஒருநாள்கூடப் பிரிந்து படுத்ததில்லை. நம்பிராஜன் கல்யாணத்தன்றுகூட மற்ற இருவரும் அறை வாசலில்தான் பாய் விரித்தார்கள்.

“இவன் சென்னைக்குப் போயிட்டாம்னா சாப்பிடுதப்ப மூணாவது எலையை யாருக்குல போட?” என்றார் பிச்சாண்டி.

“ரெண்டு எலைதானண்ணே போடணும்?” என்றார் உலகநாதன்.

“அதைத்தாம்ல சொல்லுதேன்” என்று சொல்லிப் பிச்சாண்டி விக்கி விக்கி அழுதார். உலகநாதனும் அழுதார். நம்பிராஜனால் குனிய முடியாததால் நிமிர்ந்தபடியே அழுதான்.

நம்பிராஜனின் மனைவி செண்பகம்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோட்டார் வைத்த மேசை ஒன்று விற்கிறார்களாம், பொத்தானை அழுத்தினால் ஏறுமாம் இறங்குமாம் என்று சொன்னாள். அந்த வீட்டின் புத்திசாலி அவள். அதனால் வீட்டின் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மேசைக் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். மறுமுனையில் ஒரு பெண் மிகவும் பொறுமையாகப் பேசினாள்.

“உங்க வசதிக்கு ஏத்த மாதிரி எல்லாத்தையும் மாத்திக்கலாம் சார். பலகை என்ன நிறம் வேணும்?”

“அழுக்கு நெறம் இருந்தாக் குடுங்க. தொடைக்க வேண்டாம் பாருங்க” என்றார் பிச்சாண்டி.

“எத்தனை பேர் பயன்படுத்துவீங்க?”

“ஒருத்தன் வேலை செய்வான். ரெண்டு பேரு பாத்துக்கிட்டு நிப்போம்.”

“வயர் போறதுக்குப் பலகையில ஓட்டை வேணுமா சார்?”

ஓட்டை என்றதும் மூவரும் போனைக் கையால் பொத்திக்கொண்டு கூடிப் பேசினார்கள். மேசை ஏறி இறங்கும்போது காப்பி சிந்துமே என்று உலகநாதனுக்கு ஒரு கவலை இருந்தது. டம்ளரை ஓட்டையில் சொருகி வைத்தால் எப்படிச் சிந்தும்? ஆளுக்கு ஒன்றாக மூன்று ஓட்டை கேட்டார்கள். மூத்தவருக்கு ஒரு சாண் அகலம், நடுவில் உள்ளவருக்கு அரைச் சாண், இளையவனுக்கு இரண்டு விரல்.

சனிக்கிழமை மேசை வந்தது. கம்பெனி ஆள் ஒருவரும் கூடவே வந்து, திருகாணியெல்லாம் முடுக்கி நிறுத்தினார். மூவரும் காப்பி டம்ளரை ஓட்டைகளில் வைத்துப் பார்த்தார்கள். நம்பிராஜனின் டம்ளர் ஓட்டைக்குள் நுழையவே இல்லை. உலகநாதனின் டம்ளர் விளிம்பில் தொங்கியது. பிச்சாண்டியின் டம்ளர் காப்பியோடு நேராகத் தரைக்குப் போய்விட்டது.

“பாத்தியா, மூத்தவருக்கு மட்டுந்தான் தடங்கல் இல்லாமப் போவுது” என்றார் உலகநாதன் மரியாதையோடு.

கம்பெனி ஆள் சொன்னார்: “இந்தா மூணு பொத்தான் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர் உயரத்தைப் பதிஞ்சு வச்சுக்கிடலாம். மேசை ஏறி இறங்குதப்ப பக்கத்துல யாரும் நிக்காதீங்க.”

பக்கத்தில் நிற்காமல் பொத்தானை அழுத்துவது எப்படி என்று அவர்கள் கேட்கவில்லை. மூவரும் வெளியே போய், தெரு ஜன்னல் வழியாக முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டிக் கம்பை நீட்டி அழுத்தினார்கள். நாலாவது தடவையில் பொத்தானில் பட்டது. முதல் மூன்று தடவை கம்பெனி ஆள் முதுகில் பட்டது.

அடுத்தது அளவு. முழங்கை உயரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“முழங்கைக்கு உயரம் ஏதுல? தொங்கப் போட்டாக் கீழ இருக்கு, தூக்குனா மேல இருக்கு” என்றார் பிச்சாண்டி.

“அப்ப அவங்கவங்க அந்தஸ்துக்குத் தக்கனதான் வைக்கணும்” என்றார் உலகநாதன்.

பிச்சாண்டி கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றார். மேசையும் முடிந்தவரை ஏறி, நாலடிக்கு மேல் போய் நின்றது. அது முதல் பொத்தான். உலகநாதன் கையைப் பாதி தூக்கினார், அது இரண்டாவது. நம்பிராஜன் அடக்கமாக உட்கார்ந்து கையைத் தொங்கப் போட்டான். மேசை இரண்டடிக்கு இறங்கியது. மூன்றாவது பொத்தானில் அது பதிந்தது.

“அய்யா, அவருதானே நின்னு வேலை பாக்கணும்? அவரு மேசைதான உசரமா இருக்கணும்?” என்று கம்பெனி ஆள் கேட்டார்.

மூவரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நம்பிராஜன் இரண்டடி மேசையில் நின்றபடி வேலை செய்து பழகினான். அரை மணி கழித்து நிமிர வரவில்லை. அண்ணன்மார் இருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து நிமிர்த்தினார்கள். அவன் போட்ட அலறலில் எதிர்வீட்டுக் கோழிகள் கூரையில் ஏறிவிட்டன. வலியைவிட அவனுக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது. விடிந்தால் திங்கள். இப்படி நின்றால் அந்த அம்மா சென்னைக்கு வா என்றுதான் சொல்வார்.

“நம்பி, எம் பொத்தானை எடுத்துக்கோ” என்றார் உலகநாதன். உண்மையில் இரண்டாவது பொத்தான் நம்பிராஜனுக்கு அளவெடுத்தது போல இருந்தது. உலகநாதனுக்கோ மேசையில் ஒரு வேலையும் கிடையாது.

“அதெப்படிச் சின்னண்ணே? அப்ப நீங்க எங்க நிப்பீங்க?” என்றான் நம்பிராஜன்.

உலகநாதன் தான் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார்.

“எளையவன் மேசை ஏறுனா மரியாதை எறங்கிரும்” என்றார் பிச்சாண்டி. “மரியாதை எறங்குனாத்தான் தம்பி வீட்டுல இருப்பாம்னா எறங்கட்டும்னு எனக்கும் தோணுது. ஆனா மனசு கேக்க மாட்டேங்குதே!” என்று மறுபடியும் அழ ஆரம்பித்தார்.

அப்போது செண்பகம் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“பெரியத்தான், மேசையை ஏத்துனாத்தான மரியாதைக் கொறைச்சல்? தரையை எறக்குவோம்.”

மூவரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு பிச்சாண்டி முக்காலி போட்டு ஏறிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் கடப்பாரை கேட்கப் போனார்.

மேசைக்கு முன்னால் சிமெண்டுத் தரையை உடைத்தார்கள். அளவு தவறிவிடக் கூடாது என்று நம்பிராஜனை அந்த இடத்திலேயே நிற்க வைத்து, அவன் காலைச் சுற்றித் தோண்டினார்கள். கூடை கூடையாக மண் வெளியே போகப் போக அவன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினான். ஒன்றே முக்கால் அடி இறங்கியதும் முழங்கை மேசைக்குச் சரியாக வந்தது. முதுகு நேராக இருந்தது. வலி இல்லை.

பிச்சாண்டி கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். தம்பியின் முகம் முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

“ஏல நம்பி, ஒனக்குப் புருவத்துக்கு மேல ஒரு மச்சம் இருக்கால?” என்று கேட்டார். விரலால் தொட்டுப் பார்த்தார். “எனக்குத் தெரியவே தெரியாதேல!”

திங்கட்கிழமை பத்து மணி. அண்ணன்மார் இருவரும் தேய்த்த வேட்டி கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்கள். குழியின் மேல் பலகை, பலகை மேல் குட்டை நாற்காலி, அதில் நம்பிராஜன். லேப்டாப் திரையில் மேலதிகாரி அம்மா கையில் ஒரு படிவத்தோடு தோன்றினார்.

“உட்கார்ந்து வேலை செய்றதைக் காட்டுங்க மிஸ்டர் நம்பிராஜன். நல்லது. இப்ப நின்னு காட்டுங்க.”

“ஒரு நிமிசம் மேடம்.”

நம்பிராஜன் எழுந்து ஒதுங்கினான். உலகநாதன் நாற்காலியைத் தூக்கினார், பிச்சாண்டி பலகையை உருவினார். நம்பிராஜன் குழிக்குள் இறங்கினான். அவன் தலை முன்பு எங்கே இருந்ததோ அங்கேயே வந்து நின்றது.

“நான் நிக்கச் சொன்னேன்.”

“நின்னுட்டேன் மேடம்.”

“நிக்கலையே. உட்கார்ந்துதானே இருக்கீங்க?”

“நிக்கேன் மேடம்.”

“எழுந்திருங்க சார்!”

“இதுக்கு மேல எந்திரிக்கதுக்கு ஆள் இல்லை மேடம்” என்றான் நம்பிராஜன்.

அந்த அம்மா முகம் இறுகியது. பிச்சாண்டிக்குச் சென்னை ரயில் கூவுவது காதிலேயே கேட்டது. அவர் பாய்ந்து லேப்டாப்பைத் தூக்கி, கீழ்நோக்கிக் கவிழ்த்துப் பிடித்தார்.

“நல்லாப் பாத்துக்கிடுங்கம்மா! எந் தம்பி நிக்கான்! ரெண்டு காலும் இந்தா இருக்கு!”

குழியும் அதற்குள் இரண்டு பெரிய பாதங்களும் சென்னை வரைக்கும் தெரிந்தன. பிறகு படிவத்தைப் புரட்டும் ஓசை கேட்டது.

“முழங்கை மேசை உயரத்துல இருக்கா? இருக்கு. முதுகு நேரா இருக்கா? இருக்கு. உட்காரவும் நிற்கவும் வசதி இருக்கா? இருக்கு.” அவர் கொஞ்சம் யோசித்தார். “குழி இருக்கான்னு படிவத்துல கேள்வியே இல்லை.”

மூன்று இடத்திலும் சரி போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“நீங்க வீட்டிலேயே இருந்து வேலை செய்ங்க மிஸ்டர் நம்பிராஜன். தயவுசெஞ்சு சென்னைக்கு மட்டும் வந்துடாதீங்க. எங்க ஆபீஸ் நாலாவது மாடியில இருக்கு.”

மூவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த வேகத்தில் அண்ணன்மார் இருவரும் குழிக்குள் விழுந்தார்கள். நம்பிராஜன் அடியில் மாட்டிக்கொண்டான். செண்பகம் மூன்று இலை போட்டுப் பாயசத்தோடு பரிமாறினாள்.

சாப்பிட்டு முடித்ததும் பிச்சாண்டி மேசைக் கம்பெனிக்குப் போன் போட்டார். அதே பெண்தான் எடுத்தாள்.

“மேசை ரொம்ப நல்லாருக்கும்மா. ஒரு கொறையும் இல்லை. ஆனா மோட்டாரைத் தப்பான எடத்துல வச்சுட்டீங்க. மேசை அது பாட்டுக்கு ஒரே எடத்துல நிக்குது. தம்பிதான் ஏறி எறங்கிச் சங்கடப்படுதான். மோட்டார் வச்ச குழி உங்ககிட்ட இருக்கா?”

மறுமுனையில் அந்தப் பெண் மெல்ல மூச்சு விட்டாள். “எத்தனை பொத்தான் வேணும் சார்?”

“மூணு. மொதப் பொத்தான் எனக்கு. மூத்தவன்லா, எல்லாத்துலயும் ஆழமா இருக்கணும். ஒம்பது அடி போடுங்க.”

“உங்க உயரம் எவ்வளவு சார்?”

“நாலே முக்கால்.”

“ஒன்பது அடிக்குள்ள நின்னா உங்களுக்கு மேசை எட்டாதே சார்?”

“எனக்கு எதுக்கும்மா மேசை எட்டணும்?” என்றார் பிச்சாண்டி. “எம் பேருக்கு அதுல ஒரு சாண் ஓட்டை இருக்குல்லா. காப்பி அது வழியாத் தன்னால வந்துரும்.”