அமாவாசை மாடும் தரகு நெல்லும்

ஏழு மலைக்கு அந்தாண்ட ஒரு ஊர் இருந்துச்சாம், அந்த ஊர்ல செங்கமலம்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருஷன் மருதப்பன் நல்ல மனுஷன்தான், யாராச்சும் லாபம்னு சொன்னா மட்டும் காது நீண்டுடும். இடுப்புல பிள்ளை, குதிர்ல விதைநெல்லு. மழை வந்ததும் அதை விதைக்கணும், இல்லேன்னா அந்த வருஷம் பிள்ளைக்குக் கஞ்சி கிடையாது.

அந்த ஊர்ல அமாவாசைல மாடு வாங்க எல்லாருக்கும் பயம். அதனால அன்னைக்கு விலை இறங்கும், மூணாம்பிறைக்கு ஏறிடும். மாட்டுச்சந்தைத் தரகர் தாண்டவராயன், துண்டைப் போட்டு மூடி அதுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுறவரு, மருதப்பனைக் கூப்பிட்டாரு.

"அமாவாசைல வாங்கு, பிறை பாத்து வித்துடு மாப்பிள்ளை. பொறுமையா இதையே செய், ராஜா ஆயிடுவே!"

அவனும் வாங்கினான், வித்தான், ஒரு மரக்கால் நெல்லு லாபம்னு மீசையை முறுக்கிக்கிட்டு வந்து குதிர்ல கொட்டினான். ஆனா அந்த ஊர்ல தரகைச் சந்தைல குடுக்கிற வழக்கம் இல்லை. தரகரோட ஆளு வீட்டுக்கே வந்து, வாங்கினதுக்கு ஒரு மரக்கால், வித்ததுக்கு ஒரு மரக்கால்னு அளந்துட்டுப் போயிடுவான்.

"ஏங்க, குதிர் இறங்குதே?"

"எலி தின்னிருக்கும்டி."

ஒரு மாடு ரெண்டாச்சு. "ஏங்க, இன்னும் இறங்குதே?"

"நெல்லு அமுங்கியிருக்கும்டி."

ரெண்டு பத்தாச்சு. "ஏங்க, பாதிக்கு மேல காணோமே!"

"நான் சந்தைல ஜெயிச்சுக்கிட்டே வர்றேன், நீ வீட்ல தோத்துக்கிட்டே இருக்கியே!"

அடுத்த தடவை தரகரோட ஆளு அளக்கிறப்ப செங்கமலம் பக்கத்துல நின்னு எண்ணினா: மாட்டுக்கு உள்ள வர்றது ஒரு மரக்கால், வெளிய போறது ரெண்டு. தரகரைக் கேக்கப் பயம்தான். (பயந்தா என்ன கண்ணு, பயந்துக்கிட்டே நடந்தாலும் சந்தை வந்துடும்.) முந்தானையை இழுத்துச் சொருகினா, பிள்ளையைத் தூக்கினா, பொம்பளைங்க போகாத சந்தைக்கு நேரா போயிட்டா.

"இங்க உனக்கென்னம்மா வேலை?"ன்னாரு தரகர்.

"ஒரு யோசனைண்ணே. ராஜா ஆகுற வழியை ஊருக்கெல்லாம் சொல்றீங்க, நீங்க ஆக வேண்டாமா? இனிமே அமாவாசை மாட்டை நீங்க வாங்குங்க. துண்டை நான் பிடிக்கிறேன், தரகு எனக்கு."

சந்தையே திரும்பிப் பாத்துச்சு. "நல்ல யோசனைதானே தரகரே, ஏன் முழிக்கிறீங்க?"ன்னு ஒருத்தன் கேட்டான். மாட்டேன்னா பொழப்பு போச்சே! தலையாட்டினாரு.

முதல் அமாவாசைக்குப் பத்து மாடு வாங்கி வித்தாரு. லாபம் பத்து மரக்கால், செங்கமலம் அவர் வீட்டுக்கே போய் அளந்தது இருபது. ரெண்டாவது அமாவாசையும் அப்படியே. "போதும்மா"ன்னாரு.

"பொறுமை வேணும்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

மூணாவது அமாவாசை வந்துச்சு. தரகரே வாங்குறாருன்னு ஊரே பயத்தை விட்டுட்டு மாடு வாங்க ஓடி வந்துச்சு, விலை இறங்கவே இல்லை. லாபம் ஒண்ணுமில்லை, தரகு மட்டும் இருபது. செங்கமலம் அவர் நெல்லுப் பத்தாயத்தைத் துடைச்சு அளந்தா. சூது புரிஞ்சு, அவருக்குத் தரகு நெல்லு குடுத்த அத்தனை பேரும் அதைத் திருப்பிக் கேட்டு மரக்காலும் கையுமா வாசல்ல வந்து நின்னாங்க. அவரு பின்வாசல் வழியா ஓடினவருதான்.

மருதப்பன் தலையைச் சொறிஞ்சான். "ஏண்டி, அப்ப எலி தின்னலையா?"

"தின்னுச்சு. துண்டு போட்ட எலி. கலப்பையை எடுங்க, மழை வருது."

அதனால கண்ணு, எவன் லாபம்னு கூப்பிட்டாலும், போகவும் வரவும் நீ எவ்வளவு எடுத்துக்குவேன்னு முதல்ல கேளு. பயந்துக்கிட்டாவது கேளு.

நெல்லு வயலுக்குப் போச்சு, தரகர் காட்டுக்குப் போனாரு, நீ தூக்கத்துக்குப் போ.