இரண்டாம் வரிசையில் ஒரு சிரிப்பு

"மன்னிப்பு நாலு மாதிரி எழுதி வெச்சிருக்கேன், டீச்சர். எது எடுபடும்னு நீங்கதான் சொல்லணும்."

கேட்டுக்கொண்டே எடிட்டிங் அறைக்குள் வந்தவன் இசக்கிராஜா. வயது நாற்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியைப் போட்டால் அவன் முகம்தான் வரும்.

டீச்சர் ஆகிய ஜெசிந்தா அவனைவிடப் பதினோரு வயது சின்னவள். அவனுடைய நகைச்சுவை நிகழ்ச்சியை வெட்டி ஒட்டும் எடிட்டர். அவன் அவளை டீச்சர் என்பான், அவள் அவனை அண்ணே என்பாள். யார் யாருக்குப் பெரியவர் என்பதில் இரண்டு பேருக்கும் குழப்பம் வந்ததில்லை.

முதல் நாளே அவள் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

"ஜோக்கைச் சொல்லிட்டு வாயை மூடுங்கண்ணே. நீங்க மூடினாத்தான் அவங்க தொறப்பாங்க."

ஏழு வருஷமாக அந்தப் பாடத்தில் அவன் ஃபெயில்.

ஒரு நொடி அமைதி வந்தால் போதும், அவனுக்குக் கை பரபரக்கும். அடுத்த வரியைப் போட்டு அதை நிரப்பிவிடுவான். எதிரே நிற்பவர் பேச்சையும் அவனே முடித்துவைப்பான். அதையெல்லாம் வெட்டி எடுத்துத்தான் ஜெசிந்தா அவனைப் பெரிய ஆளாக்கி வைத்திருந்தாள்.

இப்போது வந்த விவகாரம் வேறு.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் நடித்த ஒரு துணுக்கு டிவியில் வந்தது. திக்கிப் பேசும் ஒருவன் வீட்டில் தீப்பிடிக்கிறது. தீயணைப்பு நிலையத்துக்கு ஃபோன் போடுகிறான். அவன் விலாசத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தெருவே எரிந்துவிடுகிறது.

அவ்வளவுதான் ஜோக்கு. ரொம்பப் பழசு. நம் தாத்தாக்களே சிரித்துத் தீர்த்திருக்க வேண்டியது.

ஆனால் ஊர் பற்றிக்கொண்டது. ஒரு கூட்டம் கண்டித்தது. கண்டித்தவர்களை இன்னொரு கூட்டம் கண்டித்தது. ஒரு ஜோக்குச் சொல்லக்கூட இந்த நாட்டில் உரிமை இல்லையா என்று மூன்றாவது கூட்டம் கிளம்பியது. எட்டு மணி விவாதத்தில் ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். திக்கிப் பேசும் ஒருவரையும் மரியாதையாக அழைத்து உட்காரவைத்திருந்தார்கள். அவர் ஆரம்பிப்பதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிட்டது.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மன்னிப்பு வீடியோ எடுத்தாக வேண்டும் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் இந்த நாலு தாள்.

"முதல் மாதிரியைப் படிங்கண்ணே."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "என் நகைச்சுவையால் யார் மனதாவது புண்பட்டிருந்தால்..."

"யார் மனசு?"

"எல்லார் மனசும்தான்."

"எல்லாருக்கும் ஒரு பேரு இருக்கும்லா. ஒரே ஒரு பேரு சொல்லுங்க."

இசக்கிராஜா யோசித்தான். கத்தினவர்கள் பெயரெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. புண்பட்டவர் பெயர் ஒன்றுகூட வரவில்லை.

"நானே நொந்து கெடக்கேன், இதுல நீங்க வேற பரீட்சை வைக்கீங்களே டீச்சர். எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போமாட்டேங்கா. வீட்டுல ஒருத்தி மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கா. நான் மட்டுமா தப்புப் பண்ணேன்? அன்னைக்கு அத்தனை பேரும் சிரிச்சாங்கல்லா? ரெண்டாவது வரிசையில அந்தப் பச்சைச் சேலைக்காரம்மா எப்படிச் சிரிச்சாங்க!"

சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

ஜெசிந்தா திரையை அவன் பக்கம் திருப்பினாள். சத்தத்தை அணைத்துவிட்டு அந்தத் துணுக்கை ஓடவிட்டாள்.

அவன் நடித்தான். திக்கினான். முடித்தான். உடனே பச்சைப் புடவை கட்டின ஒரு அம்மா வந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"இவங்கதானே?"

"இவங்கதான். இந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் நம்ம ஜோக்கு ஜெயிச்சிட்டுன்னு நெனச்சேன்."

"மேடையிலேர்ந்து பாத்தீங்களா?"

"அந்த லைட்டு வெளிச்சத்துல என்னத்தத் தெரியும்? டிவியிலதான் பாத்தேன்."

அவள் இன்னொரு பதிவைத் திறந்தாள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே, உட்கார்ந்திருக்கும் ஜனங்களின் சிரிப்பை எடுத்து வைத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் முதல் நாளே காய் நறுக்கி வைப்பதுபோல. எந்த ஜோக்குக்குச் சிரிப்பு குறைகிறதோ அங்கே ஒரு பிடி அள்ளிப் போடுவார்கள். இது இசக்கிராஜாவுக்கும் தெரியும். ஆனால் டிவியில் தன் ஜோக்குக்கு ஒரு அம்மா சிரிப்பதைப் பார்க்கும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?

திரையில் காலை பத்தரை மணி என்று காட்டியது. மேடை காலியாக இருந்தது. இசக்கிராஜா பாதி மேக்கப்போடு டீயைத் தேடிக்கொண்டு வருகிறான். இரண்டாம் வரிசையில் பச்சைப் புடவையைப் பார்த்து நிற்கிறான்.

ஜெசிந்தா சத்தத்தைக் கூட்டினாள்.

"சாப்டீங்களாம்மா?"

"நா சாப்டறது இருக்கட்டும். நீ இன்னா பாதி மூஞ்சிக்குப் பூசிகினு வந்துகீற? எம் புள்ள பாத்தான்னா சொல்லுவான், பாதி வெந்த இட்லின்னு!"

சொல்லிவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, தோள் குலுங்கச் சிரித்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த இசக்கிராஜாவும் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்தச் சிரிப்பா இது?"

"அதேதான்."

"இங்கேர்ந்து எடுத்து அங்க வெச்சது யாரு?"

"நான்தான்," என்றாள் ஜெசிந்தா. "உங்க ஜோக்குக்கு அன்னைக்கு ஒருத்தரும் சிரிக்கலைண்ணே. எல்லாரும் சும்மா இருந்தாங்க. நீங்க அடுத்த வரியைப் போடறதுக்குள்ள நாலு நொடி. எனக்குப் பயமாப் போச்சு. அந்த நாலு நொடியை வெட்டிப் போட்டுட்டு இதை வெச்சேன். நல்ல சிரிப்பாச்சேன்னு வெச்சேன்."

இசக்கிராஜா நாலு தாளையும் மடித்தான்.

"அவங்க பேரு கன்னியம்மா. ஓட்டேரியில வீடு. பதினாலு நாளா சேனலுக்கு ஃபோன் பண்றாங்க. இவங்களும் திட்டத்தான் கூப்பிடுறாங்கன்னு ரிசப்ஷன்ல எடுத்து எடுத்துக் கட் பண்ணியிருக்காங்க. இன்னைக்குக் காலையிலதான் நான் கூப்பிட்டுப் பேசினேன்."

"என்ன கேக்காங்க?"

அவள் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

ஓட்டேரியில், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை வீடு. கன்னியம்மா கதவைத் திறந்தாள். அவனைப் பார்த்ததும் திட்டவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வா தம்பி. நீயே வந்துட்டியா."

"அம்மா, என்னோட ஜோக்கால உங்க மனசு..."

"எம் மனசு கெடக்கட்டும் தம்பி. எம் புள்ளைக்குப் பேச்சு திக்கும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நீ அவன மாரி பேசிக் காட்டுன. அது கூட அவனுக்குப் பழக்கம்தான், தெருவுல பேசாதவங்களா? ஆனா அடுத்த நிமிசம் நா வரேன். பெத்தவ, நா சிரிக்கறேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டிவில வருவேன்னு தெருவுக்கே சொல்லி வெச்சிருந்தேன். எல்லாரும் வந்து குந்திகினு பாத்தாங்க. அவனும்தான் பாத்தான். அன்னிலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. சோறு வெச்சா துன்றான், வேலைக்குப் போறான், வரான். அதுக்கு நா சிரிக்கலடான்னு எத்தினி தபா சொல்லிட்டேன். டிவில கண்ணால பாத்ததுக்கு அப்பால நா சொல்லி யாரு நம்புவாங்க? நீ ஒரு தபா அவங்கிட்ட சொல்லு தம்பி. அதுக்குத்தான் ஃபோன் பண்ணேன். வேற ஒண்ணியும் வேணாம்."

அறையின் மூலையில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு டேபிள் ஃபேனைக் கழற்றிப் போட்டிருந்தான். மகன் தணிகாசலம். இருபத்தைந்து வயது. லேத் பட்டறையில் வேலை. வந்தவர்களை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

கன்னியம்மாவின் குரல் அறைக்குள் கேட்டது. "எம் புள்ள பாத்தான்னா சொல்லுவான், பாதி வெந்த இட்லின்னு!"

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. தணிகாசலம் திரும்பினான்.

அம்மா சிரித்தாள். அவன் பார்த்தான்.

இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினான். ஜெசிந்தா திரும்பப் போட்டாள். மறுபடியும் விரலைக் காட்டினான். மூன்றாவது தடவை அவன் திரையைப் பார்க்கவில்லை, குரலை மட்டும் கேட்டான்.

"இதை எடுத்து அங்க ஒட்டினது நான்தான் தம்பி," என்றாள் ஜெசிந்தா. "உங்கம்மாவை ஒரு வார்த்தை கேக்கலை."

இசக்கிராஜா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். நாலு மன்னிப்பும் சட்டைப்பையிலேயே இருந்தன.

"அந்த ஜோக்குக்கு அன்னைக்கு ஒருத்தர்கூட சிரிக்கலை தம்பி. உங்கம்மாவும் சிரிக்கலை. நான் நடிச்சது தப்பு. உன்கிட்டச் சொல்லணும்னு வந்தேன்."

தணிகாசலம் அவன் முகத்தையே பார்த்தான். பவுடர் இல்லாத முகம். ஓட்டேரி வெக்கையில் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

தணிகாசலம் வாயைத் திறந்தான்.

"இ... இ... இ..."

நின்றுவிட்டது.

இசக்கிராஜாவின் நாக்கு எழுந்தது. இசக்கியண்ணே என்கிறானா? இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்கிறானா? பத்து வார்த்தைகள் வரிசையில் வந்து நின்றன, ஒன்றை எடுத்துக் கொடுத்தால் முடிந்துவிடும். கை பரபரத்தது. ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

அவன் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. சேனலிலிருந்துதான் இருக்கும். அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

தணிகாசலம் கண்ணை இறுக்கி மூடினான். கழுத்து நரம்பு புடைத்தது. காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினான். கன்னியம்மா கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அவசரமே இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அவள் இப்படி நின்றிருக்கிறாள்.

இசக்கிராஜா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

"இப்ப..." என்றான் தணிகாசலம்.

பிறகு இசக்கிராஜாவை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினான்.

"இப்ப மு... மு... முழுசா வெந்துடுச்சும்மா."

கன்னியம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கண் மூடிக்கொண்டது. தோள் குலுங்கியது. சொம்புத் தண்ணீர் அவள் புடவையிலும் அவன் கழற்றிப் போட்ட ஃபேனிலும் கொட்டியது.

இசக்கிராஜாவுக்குப் பிரமாதமான பதில் வரி ஒன்று நாக்கு நுனியில் வந்தது.

வாயை மூடிக்கொண்டான்.