தலைவர் வீட்டுக் காளையும் கபடிக்காரன் காலும்

என் மூத்தவன் பந்து விளையாடிக் கால் பிசகிக் கிடந்தபோது, ஜெபிக்க வந்த பிலோமினா அக்கா சொன்ன கதை இது.

மாட்டுக்கும் மனிதருக்கும் சுளுக்குக் கட்டுப் போடுகிறவள் மைலாத்தாள். அன்று கபடிக்காரன் வெள்ளிங்கிரிக்குக் கணுக்கால் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

"நாளைக்குப் போட்டியில இவன் ஆடியே ஆகணும். இல்லேன்னா நீ ஊரைக் காலி பண்ணு" என்று மைலாத்தாளை அதட்டினார் ஊராட்சித் தலைவர்.

அவள் பதறவே இல்லை. "ஆகட்டுங்க தலைவரே. அப்படியே உங்க ரேக்ளாப் பந்தயக் காளையையும் நாளைக்கு வண்டியில பூட்டிடுங்க."

"அதுக்குக் கால் சுளுக்காச்சே! மூணு வாரம் ஓட விடக்கூடாது, மீறினா கால் போயிடும்னு நீதானே சொன்னே?"

"அதுக்காவது நாலு காலுங்க. இவனுக்கு ரெண்டே ரெண்டுதானுங்க."

கூடியிருந்த சனமெல்லாம் சிரித்தது. தலைவர் எழுந்து, தன் நாற்காலியிலேயே வெள்ளிங்கிரியின் காலைத் தூக்கி வைக்கச் சொன்னார்.

உங்கள் பிள்ளையும் நொண்டிக்கொண்டு வந்தால், முதலில் அவனை உட்கார வையுங்கள்.