காட்டு எல்ஃப்களுக்குப் பெயர் வைத்தவன்

"நான் வெக்கிற பேரு ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குதுங்க டீச்சர்" என்றான் சென்னியப்பன்.

டீச்சர் காப்பிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எங்க நிக்கோணும்?"

"ஆடறவங்க மனசுல."

டீச்சர் இன்னொரு களையைப் பிடுங்கி வேரில் இருந்த மண்ணைத் தட்டினார்.

சென்னியப்பனுக்கு நாற்பத்தேழு வயது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கதை எழுதுகிறவன். டீச்சரின் பெயர் சுடர்க்கொடி. அவனைவிடப் பதினோரு வயது சின்னவர். ஒரு காலத்தில் அவரும் இதே வேலையைத்தான் பார்த்தார். பிறகு விட்டுவிட்டுக் கொல்லிமலைக்கு வந்து மிளகும் காப்பியும் போட்டுக்கொண்டு இருக்கிறார். கதை எழுதுகிறவர்கள் எங்கேயாவது முட்டிக்கொண்டு நின்றால் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி அவரைப் பார்க்க வருவார்கள். பாதிப் பேருக்குப் பதில் கிடைக்கும். மீதிப் பேருக்குத் தோட்டத்தில் வேலை கிடைக்கும்.

"என்ன ஆட்டம்?" என்றார் டீச்சர்.

"ஒரு பெரிய காடுங்க. உள்ள அறுபது எல்ஃப்ங்க, வெள்ளைக்காரங்க கதையில வர்ற வனதேவதைங்க மாதிரி, இருக்காங்க. கூர்க்காது, பச்சை உடுப்பு, ஆயிரம் வருஷம் ஆயுசு. ஆடறவர் வில்லெடுத்துட்டு உள்ள போவார். அவங்களைக் கொன்னுட்டும் போலாம். கொல்லாம சுத்திப் போறதுக்கும் ஒரு வழி வெச்சிருக்கறேன்."

"அந்த வழியில எத்தன பேரு போனாங்க?"

"ஒருத்தருமில்லைங்க."

அந்த வழிக்காக இரண்டு வருஷம் உழைத்திருந்தான்.

"ஆட்டத்தைச் சோதிச்சுப் பாக்கறதுக்கு எங்க ஆபீஸ்ல பிலோமினான்னு ஒரு பொண்ணு. பத்தொம்பது நிமிஷத்துல அறுபது பேரையும் முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிருச்சு. யாரைக் கொன்னேம்மான்னு கேட்டா, பச்சை டிரெஸ் போட்டவங்களைன்னு சொல்லுது."

"உங்க முதலாளி என்ன சொல்றாரு?"

"அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை இன்னொரு சோதனை. ஒரு ஆள் ஒரு நொடி தயங்கினாப் போதும்ங்கறார். இல்லாட்டி எதுக்கு ஆளாளுக்கு ஒரு பேரு, எல்லாத்தையும் அழிச்சுட்டு நம்பர் போட்டுருங்கன்னுட்டார்."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். அவன் பெயர்ப் பட்டியல் எழுதிய தாளைக் கொடுத்தான்.

"ஈலித்ரேயா. நைமெரில். வாசெந்தோர்." டீச்சர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "யாரு வெச்சது?"

"நாந்தானுங்க."

"நீங்க இந்த ஈலித்ரேயாவுக்கு என்ன வேணும்?"

"நானா? நான் எழுதறவனுங்க."

"அது தெரியுது. உறவுமுறையில என்ன வேணும்?"

டீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த வரிசையில இன்னும் களை இருக்குதுங்கண்ணா."

மீதி நேரம் களை பிடுங்கிவிட்டு அவன் பஸ் ஏறினான். எழுபது வளைவும் இறங்கி முடிக்கும்போது அவனுக்கு ஒன்று புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

பெயரெல்லாம் வெளியூர்ச் சரக்காக இருக்கிறது. அதனால்தான் உறவு இல்லை என்கிறார்.

பத்து நாள் அகராதியும் கையுமாக இருந்தான். வீட்டில் சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டால், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தான். இரண்டாவது பட்டியலோடு மறுபடி மலையேறினான்.

டீச்சர் மிளகைப் பாயில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். பட்டியலைச் சத்தமாகவே படித்தார்.

"நிலவிழியாள். தென்றலிழை. மரகதயாழினி."

"எல்லாம் சுத்தத் தமிழுங்க" என்றான் சென்னியப்பன்.

"நல்லா இருக்குதுங்கண்ணா."

அவனுக்கு முகம் மலர்ந்தது.

"அடுக்குமாடி கட்டறவங்ககிட்டக் குடுத்தா கொத்திக்கிட்டுப் போயிருவாங்க" என்றார் டீச்சர்.

மலர்ந்த முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. அவனுக்குக் கோபமும் வந்தது. மூத்தவன், அத்தனை தூரம் ஏறி வந்தவன், கோபம் வராதா?

"பின்ன எப்படித்தாங்க வெக்கறது? அதையாச்சும் சொல்லுங்க."

டீச்சர் மிளகைக் கையால் கிளறிவிட்டார்.

"ஆயிரம் வருஷம் ஆயுசுன்னீங்களே. அப்ப சாவே இல்லையா?"

"வயசாகிச் சாக மாட்டாங்க. அம்பு பட்டா உண்டுங்க."

"எத்தனை பேரு?"

"ஆடறவங்களைப் பொறுத்து. பிலோமினா மாதிரி ஆளு வந்தா அத்தனை பேரும்."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை இரண்டு வருஷத்தில் அவன் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. காட்டில் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று தெரியும். எல்ஃப்கள் என்ன தின்பார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தான். இது அதில் இல்லை.

"தெரியும்னுதானுங்க இருக்கோணும்" என்றான் மெதுவாக. "தினமும் நடக்குதில்ல."

"ம்."

அவன் கிளம்பும்போது டீச்சர் கூப்பிட்டார்.

"அடுத்த தடவை வரும்போது ஒரு படம் கொண்டாங்க. அறுபதுல எந்தப் புள்ளை ரொம்ப அழகோ, அந்தப் புள்ளை படம்."

அடுத்த தடவை என்பது சோதனைக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை.

படம் ஆள் உயரம் இருந்தது. பளபளவென்று அச்சடித்து, சுருட்டி, ஒரு குழாயில் போட்டுப் பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தான். எல்ஃப்களிலேயே சின்னவள். ஏழு வயதுப் பிள்ளை மாதிரி இருப்பாள். அவளுடைய முகத்துக்கு மட்டும் ஓவியர் ஒரு மாசம் எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை சோதனை அறையில் மாட்டுவதற்கென்று செய்த படம், வேறு பிரதி கிடையாது. முதல் பட்டியலில் அவள் ஈலித்ரேயா. இரண்டாவதில் நிலவிழியாள்.

சமையலறைத் தரையில் விரித்துக் காட்டினான்.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார்.

"அழகுதான்" என்றார்.

எழுந்து விறகடுப்புப் பக்கம் போனார். சுடுதண்ணீர்ப் பானையின் அடியில் ஆள்காட்டி விரலைத் தேய்த்தார். வந்து குனிந்து, இடது கையால் அந்தப் பிள்ளையின் தாடையைப் பிடிப்பதுபோல் படத்தை அழுத்திக்கொண்டு, கன்னத்தில் கரியால் ஒரு பொட்டு வைத்தார்.

"ஐயோ டீச்சர்!"

சென்னியப்பன் பதறிப்போய் வேட்டி நுனியால் துடைத்தான். கரி இன்னும் கொஞ்சம் இழுபட்டது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! இந்த ஒண்ணுதானுங்க இருக்குது!"

டீச்சர் கையைக் கழுவினார். மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்று ஒருமையிலேயே மனசுக்குள் திட்டினான். படத்தைச் சுருட்டலாம் என்று குனிந்தான்.

பிள்ளை அவனைப் பார்த்தது.

இத்தனை நாளும் அது யாரையும் பார்த்ததில்லை. சும்மா அழகாக இருந்தது. இப்போது, யாரோ தாடையைப் பிடித்துப் பொட்டு வைத்து, போ விளையாடு என்று அனுப்பிவிட்ட பிள்ளை மாதிரி இருந்தது. அனுப்பிவிட்டவள் வாசலிலேயே நின்றிருப்பாள். அத்தனை பேரும் ஒரே நாளில் செத்துப்போகிற காட்டில் வேறென்ன செய்வாள்?

அறுபது பேரைப் படைத்தவன் அறுபது பேருக்கும் அம்மாவை வைக்க மறந்திருந்தான்.

சென்னியப்பன் எழுந்து வெளியே போனான். டீச்சர் பலாமரத்தடியில் கூட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எங்கூட அஞ்சாப்பு படிச்சவன் ஒருத்தன், குப்புசாமின்னு பேரு. அவனுக்கு முன்னால பொறந்தது மூணும் தங்கலைங்க. இவனைக் குப்பைமேட்டுல போட்டுப் பொரட்டி எடுத்து, அந்தப் பேரை வெச்சாங்க. குப்பைன்னு சொன்னா எமன் திரும்பிப் பாக்க மாட்டான்னு."

"ம்."

"நாங்கல்லாம் கேலி பண்ணுவோம். அவங்கம்மா அவனைக் கூப்பிட்டா ஊருக்கே கேக்கும். எதுக்கு இத்தனை சத்தம் போடுதுன்னு அப்பத் தெரியலைங்க. எனக்கு இப்பத்தான்…"

படம் கிடந்த சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இவங்க இருக்கறது காடுங்களே" என்றான். "காட்டுல குப்பைமேடு ஏதுங்க?"

டீச்சர் விளக்குமாற்றை அவன் கையில் கொடுத்தார்.

"மீதியைக் கூட்டிருங்கண்ணா."

மரத்தடி முழுக்கக் காய்ந்த இலை. அவன் கூட்ட ஆரம்பித்தான். முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல் சேர்ந்தபோது ஒரு பெயர் கிடைத்திருந்தது. இரண்டாவது குவியலில் பதினொன்று ஆயிற்று. படத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினான். எந்த வீட்டில் எத்தனையாவது பிள்ளை, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று வீடு வீடாகப் போகிறவன் மாதிரி எழுதினான். உளுத்தான் என்று ஒருவனுக்குப் பெயர் வந்தது. சிராய் என்று ஒருத்தி, பொக்கு என்று ஒருத்தன், எல்லாம் காட்டுக் குப்பையின் பெயர். முதல் பிள்ளை பெற்றவர்கள் மட்டும் நிலா, தென்றல் என்று ஆசையாக வைத்திருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் ஒன்றும் நடந்திருக்கவில்லை.

அம்மாக்களுக்குக் குரல் வேண்டுமென்று, ஆபீஸில் சாப்பாடு பரிமாறும் அக்காவைத் திங்கட்கிழமை காலையில் கெஞ்சிக் கூத்தாடிப் பேசவைத்துப் பதிவு செய்தான்.

முதலாளி பட்டியலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னங்க இது? அந்தச் சின்னப் புள்ளைக்குச் சருகுன்னு போட்டிருக்கீங்க. எல்ஃப்ங்க அது. எத்தனை அழகா இருக்குது!"

"அதனாலதானுங்க" என்றான் சென்னியப்பன்.

"இப்படி யாராச்சும் வெப்பாங்களா?"

"அவங்கம்மா வெச்சதுங்க."

முதலாளி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு இருக்கட்டும். நாளைக்கு நம்பர் போட்டுருவோம்."

பிலோமினா வந்து உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சத்தம் அறைக்கும் கேட்கும்படி வைத்திருந்தார்கள். சென்னியப்பனும் முதலாளியும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள்.

காட்டுக்குள் நுழைந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை. நிலா விழுந்தாள். ஓடையைத் தாண்டும்போது தென்றல் விழுந்தான். பிலோமினாவின் கை கொஞ்சமும் தடுமாறவில்லை.

வளைவுக்கு அப்பால் சின்னவள் இருந்தாள். தனியாகக் குந்தவைத்துத் தண்ணீரில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பிலோமினா அம்பைப் பூட்டி நாணை இழுத்தாள்.

மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடியே சருகு! தண்ணிகிட்ட உனக்கென்னடி வேலை?"

பிள்ளை திரும்பவில்லை. குரல் இன்னும் உரக்க, காடு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டது.

"ஏ சருகு! சருகூ!"

நாண் இழுத்தபடியே இருந்தது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிலோமினா ஆட்டத்தை நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நாற்காலியோடு சென்னியப்பன் பக்கம் திரும்பினாள்.

"சார்" என்றாள். "இந்தம்மாவுக்கு இதுக்கு முன்னாடி எத்தனை தங்கல?"